முதலில் புதர், அப்புறம் கடல்: சவுத் டவுன்ஸ் குன்றுகளில் வலசைப் பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஆகஸ்ட் பிறந்து ஓரிரு நாளில், தெருவுக்கு மேலே கூச்சலிட்டுக்கொண்டு சுற்றிவந்த உழவாரன்கள் காணாமல் போயிருக்கும். நேற்று சாயங்காலம் இருந்தன, இன்று இல்லை. தென் இங்கிலாந்தில் வலசை தொடங்கிவிட்டது என்று எனக்குச் சொல்லும் முதல் செய்தி அதுதான். ஊர் முழுக்கக் கோடை விடுமுறையில் ஐஸ்கிரீமும் கையுமாக அலையும்போது, பறவைகள் மூட்டை கட்டத் தொடங்கிவிடுகின்றன.

இந்த வலசையைப் பார்க்க நல்ல இடங்களில் ஒன்று சவுத் டவுன்ஸ் குன்றுத்தொடர். மேற்கே வின்செஸ்டரில் தொடங்கிக் கிழக்கே ஈஸ்ட்போர்ன் வரை போகும் சுண்ணக் குன்றுகள் இவை. நடைபாதைக் கணக்கில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். 2010 முதல் தேசியப் பூங்கா. தொடர் கடலில் போய் முடியும் இடத்தில்தான் படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் வெள்ளைப் பாறைச் சுவர்கள், செவன் சிஸ்டர்ஸும் பீச்சி ஹெட்டும். மண்ணைத் தொட்டால் சாக்பீஸ் மாதிரி கையில் ஒட்டும்.

முதல் வருஷம் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வலசை என்றால் கடல் தாண்டுவதுதானே என்று, காலை பதினொரு மணிக்குச் சாவகாசமாக பீச்சி ஹெட் போய், பைனாகுலரைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். கடற்காகம், காக்கை, கல்யாணப் படம் எடுக்க வந்த ஒரு ஜோடி. திரும்பி வரும் வழியில், சரிவில் ஒரு புதருக்கு எதிரே, கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு பெரியவர் மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்க். ஏதாவது கிடைத்ததா என்று கேட்டேன். தலையைத் திருப்பாமலே நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். ஒரே புதர், பதினோரு வகைப் பறவை. விடிந்ததிலிருந்து அவர் அங்கேயேதான் இருந்திருக்கிறார்.

கீழே நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அந்த ஸ்டூலிலிருந்து வந்த புத்திதான்.

ஏன் இங்கே வந்து இறங்குகின்றன

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். சின்னப் பூச்சியுண்ணிகளில் பெரும்பாலானவை இரவில் பறக்கின்றன: கதிர்க்குருவிகள், ஈப்பிடிப்பான்கள், ரெட்ஸ்டார்ட், வீட்டியர் எல்லாம் இந்தக் கூட்டம். பிரிட்டனின் உட்பகுதியிலிருந்து தெற்கு நோக்கி ராத்திரி முழுக்கப் பறந்து வரும் பறவைக்கு, விடியும் நேரத்தில் முன்னால் தெரிவது ஆங்கிலக் கால்வாய். தெம்பு இருந்தால் தாண்டிவிடும். வயிறு காலி என்றால், மேகம் மூடினால், மழை பிடித்தால், கடைசி நிலத்தில் இறங்கிவிடும். அந்தக் கடைசி நிலம்தான் இந்தக் குன்றுகளின் புதர்கள்.

புதர்களில் அவற்றுக்குத் தேவையானதெல்லாம் இருக்கிறது. எல்டர் பழம், பிளாக்பெரி, ஹாத்தார்ன், அவற்றை மொய்க்கும் ஈ, அசுவினி, புழு. வெள்ளைத்தொண்டைக் கதிர்க்குருவி கோடை முழுக்கப் பூச்சி தின்றுவிட்டு, ஆகஸ்டில் பழத்துக்கு மாறிக்கொள்ளும். நாணலில் வாழும் செட்ஜ் கதிர்க்குருவி அசுவினியைத் தின்றே 10 கிராம் உடம்பை 20 கிராம் ஆக்கிக்கொண்டுதான் சஹாராவைத் தாண்டக் கிளம்பும். அதாவது, நாம் பார்க்கப் போவது பறக்கும் பறவையை விட அதிகமாகச் சாப்பிடும் பறவையைத்தான். சாப்பாடு எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்கார வேண்டும்.

பகலில் பயணம் செய்யும் கூட்டம் வேறு: தகைவிலான், வாலாட்டி, நெட்டைக்காலி. இவை நம் தலைக்கு மேலே கண்முன்னாலேயே போகும். பலவும் கடலைக் கண்டதும் நேராக இறங்கிவிடாமல் கரையோரமாகவே போகும். கிழக்கே போகப் போகக் கால்வாய் குறுகி, டோவர் பக்கத்தில் 33 கிலோமீட்டர்தான்.

முதலில் தேதி

"கோடைக் கடைசி" என்று பொதுவாகச் சொன்னாலும், வாரத்துக்கு வாரம் ஆள் மாறும்.

ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை உழவாரன், மணல் நிறத் தகைவிலான், வடக்கிலிருந்து ஏற்கெனவே திரும்பத் தொடங்கிவிட்ட உள்ளான் வகைகள். ஆகஸ்ட் நடுவில் வில்லோ கதிர்க்குருவிகள் கொட்டும். பைடு ஈப்பிடிப்பானும் மர நெட்டைக்காலியும் அப்போதுதான். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 10 வரையிலான இரண்டரை வாரம் எனக்கு மிகப் பிடித்தது. ரெட்ஸ்டார்ட், வின்சாட், மஞ்சள் வாலாட்டி, புள்ளி ஈப்பிடிப்பான் எல்லாம் ஒரே காலையில் கிடைக்கக்கூடிய நாட்கள். வருஷத்தில் இரண்டே காலைதான் ஒதுக்க முடியும் என்றால் இந்த இடைவெளியில் ஒதுக்குங்கள். அதற்குள் ஆகஸ்ட் கடைசித் திங்கள் வங்கி விடுமுறை வரும். அன்றைக்கு மட்டும் விடிகாலையில் போய் ஒன்பது மணிக்குள் கிளம்பிவிடுங்கள், அப்புறம் கார் நிறுத்த இடம் இருக்காது. செப்டம்பர் நடுவுக்கு மேல் தகைவிலான்கள் ஆயிரக்கணக்கில் போகும். புதர்களில் சிஃப்சாஃபும் கருந்தலைக் கதிர்க்குருவியும் நிறைந்துவிடும்.

ஆகஸ்டில் நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வருஷம் பிறந்த குஞ்சுகள் என்பதையும் மனத்தில் வையுங்கள். குயிலின் கதை இன்னும் விசித்திரம். பெரிய குயில்கள் ஜூனிலேயே ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடுகின்றன. வேறு பறவையின் கூட்டில் வளர்ந்த குஞ்சு, தன் இனத்தில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஆகஸ்டில் தனியாகக் கிளம்புகிறது. வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து கம்பளிப்புழு தின்றுகொண்டிருக்கும் பழுப்புக் குயில் ஒன்றைப் பார்த்தால், இதற்கு வழி சொன்னது யார் என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நிற்கலாம்.

அடுத்தது வானிலை

தேதியை விட இது முக்கியம். ராத்திரி தூங்கப் போகும் முன் வானிலை ஆப்பில் மூன்று விஷயம் பாருங்கள்: காற்று எந்தத் திசை, ராத்திரி வானம் எப்படி, விடியும்போது என்ன.

ராத்திரி தொடக்கத்தில் வானம் தெளிவு, லேசான வடக்குக் காற்று, விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது மேகமும் தூறலும். இப்படி ஒரு கலவை அமைந்தால் அலாரம் வையுங்கள். பறவைகள் நம்பிக்கையோடு கிளம்பியிருக்கும், கடற்கரையில் வந்து மாட்டிக்கொள்ளும். ராத்திரி முழுக்கத் தெளிவாகவே இருந்தால் நமக்குச் சோகம். எல்லாம் மேலேயே போய்விட்டிருக்கும். பலமான தென்மேற்குக் காற்றும் மழையும் என்றால் போர்த்திக்கொண்டு தூங்கலாம், கிளம்பியிருக்கவே மாட்டா.

கிழக்கு அல்லது தென்கிழக்குக் காற்று இரண்டு நாள் வீசினால் தனிக் குஷி. ஐரோப்பாவின் அந்தப் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் பறவைகளில் சில இந்தப் பக்கம் தள்ளப்பட்டு வரும். மரப்பட்டை நிறத்தில், பாம்பு மாதிரி கழுத்தைத் திருப்பும் ரைநெக் என்ற மரங்கொத்திக் குடும்பத்துப் பறவை அப்படித்தான் வருகிறது. இந்தக் குன்றுகளின் புல்லில் எறும்புப் புற்று ஏராளம். ரைநெக்குக்கு எறும்பு என்றால் உயிர்.

சாமான்கள்

8×42 பைனாகுலர் ஒன்று போதும். 10 மடங்கு வாங்காதீர்கள். மேட்டில் காற்றில் கை ஆடும், புதருக்குள் துள்ளும் பறவையைப் பிடிக்க முடியாது. பழையது கிடைத்தாலும் நல்லதே. டெலஸ்கோப் கழிமுகத்துக்கு உதவும், புதருக்கு வேண்டாம். உட்கார ஏதாவது, பிளாஸ்க், முழுக்கால் பேன்ட், மாற்று சாக்ஸ். ஆகஸ்ட் பனியில் புல்லில் நடந்தால் ஷூ பத்து நிமிஷத்தில் ஊறிவிடும். செருப்போடு வந்து, காலை முழுக்கக் குளிரில் நடுங்கிய ஒரு நண்பரைத் திரும்ப அழைத்துவர நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

போனில், குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பருவத்தில் பறவைகள் பாடுவதில்லை, ஒற்றை எழுத்தில் கூப்பிட மட்டும் செய்கின்றன. ஆப் அங்கேதான் தடுமாறும். அது ஒரு பெயரைக் காட்டினால், தேடிப் பார்க்கக் கிடைத்த துப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்க்காமல் எழுதிவிட வேண்டாம்.

இடம் தேர்ந்தெடுப்பது

புதியவருக்கு நான் சொல்லும் இடம் மூன்று.

கார் இல்லாதவருக்கு சீஃபோர்ட் ஹெட். சீஃபோர்ட் ரயில் நிலையத்திலிருந்து கடற்கரை வழியே கிழக்கே நடந்து குன்றில் ஏறலாம். மேலே சவுத் ஹில் பார்ன் என்ற பழைய களஞ்சியம். அதிலிருந்து ஹோப் கேப் என்ற கடல்வாய் வரை இறங்கும் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் புதர். ஏறி இறங்க நிதானமாக ஒரு காலை ஆகும். எதிரே செவன் சிஸ்டர்ஸ் தெரியும். சரி, அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

காரில் வருபவருக்கு பீச்சி ஹெட். 162 மீட்டர் உயரம், பிரிட்டனின் மிக உயரமான சுண்ணக் கடற்பாறை இது. எல்லோரும் உச்சியில் நிற்பார்கள். நீங்கள் ஈஸ்ட்போர்ன் பக்கம் சரியும் விட்பிரெட் ஹாலோ என்ற பள்ளத்துக்கு இறங்குங்கள். தென்மேற்குக் காற்று அங்கே எட்டாது. மேற்கே, பெல் டூ கலங்கரை விளக்கத்துக்கு அருகே, காற்றில் சாய்ந்து வளர்ந்த மரங்களோடு ஒரு சின்னத் தோப்பு இருக்கிறது. சுற்றிலும் வெறும் புல், நடுவில் இந்த ஒரு பிடி மரம். ராத்திரி முழுக்கப் பறந்துவிட்டு மேலிருந்து பார்க்கும் பறவை வேறு எங்கே இறங்கும்?

கடலிலிருந்து தள்ளி ஒரு இடம் வேண்டும் என்றால் வொர்த்திங்குக்கு வடக்கே சிஸ்பரி ரிங். இரும்புக் காலத்து மண்கோட்டை. அதற்கும் ஆயிரக்கணக்கான வருஷம் முன்னால் மக்கள் சக்கிமுக்கிக் கல் தோண்டிய குழிகள் அதன் மேற்குப் பக்கத்தில் இன்னும் தெரிகின்றன. மேட்டிலும் சரிவிலும் புதர் நிறைய. ரெட்ஸ்டார்ட் பார்க்க நான் அங்கேதான் போவேன்.

பேருந்தில் வருபவர்களுக்கு: பிரைட்டனிலிருந்து ஈஸ்ட்போர்ன் போகும் 12ஆம் எண் வண்டி சீஃபோர்ட் வழியாக எக்ஸீட்டில் நிற்கும். பீச்சி ஹெட் வழியே போகும் வண்டி எல்லா நாளும் எல்லா நேரமும் இருக்காது, முதல் நாளே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடிகாலை, ஒரே புதர்

ஆகஸ்ட் நடுவில் சூரியன் 5.50 வாக்கில் உதிக்கும், செப்டம்பர் நடுவில் 6.35 வாக்கில். உதிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே உங்கள் புதர் முன்னால் இருங்கள்.

எந்தப் புதர்? வெயில் முதலில் விழும் பக்கம், காற்று அடிக்காத பக்கம். இரண்டும் ஒன்றாக இருக்கும் புதர். வெயில் பட்டால் இலை காயும், இலை காய்ந்தால் பூச்சி எழும், பூச்சி எழுந்தால் பறவை வெளியே வரும். காற்று மேற்கிலிருந்து என்றால் கிழக்கு பார்த்த சரிவு. எல்டர் பழுத்துத் தொங்கினால் இன்னும் நல்லது. முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி, புதரிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி உட்காருங்கள்.

முதல் இருபது நிமிஷம் ஒன்றும் நடக்காது. ராபின் ஒன்று "டிக், டிக்" என்று நம்மைத் திட்டும். ஈரத்தில் பிளாக்பெரி முள்ளில் சிலந்தி வலை மட்டும் மினுங்கும். இங்கேதான் புதியவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். இருங்கள். வெயில் புதரின் உச்சி இலையைத் தொடும்போது ஓர் இலை மட்டும் அசையும். காற்றில்லாத இடத்தில் இலை அசைந்தால் அதற்குக் கீழே யாரோ இருக்கிறார்கள். பைனாகுலரைத் தூக்க அவசரப்படாமல் கண்ணை அந்த இலையிலேயே வைத்து, கையை மெதுவாக உயர்த்துங்கள்.

போன வருஷம் செப்டம்பர் தொடக்கத்தில் அப்படி ஒரு இலை அசைந்தது. முதலில் எலுமிச்சை மஞ்சள் வயிறு மட்டும், அப்புறம் கண்ணுக்கு மேல் வெளிறிய ஒரு கோடு. வில்லோ கதிர்க்குருவி. குஞ்சு. இலையின் அடிப்பக்கத்தில் தொங்கி ஏதோ ஒன்றைக் கொத்தியது, அலகைக் கிளையில் இரண்டு பக்கமும் துடைத்தது. பத்து கிராம் கூட இருக்காது. சஹாராவுக்குத் தெற்கே போக வேண்டிய உடம்பு அது. அதன் பின்னால் இரண்டு, அதன் பின்னால் நான்கு. ஒரு கிளையில் ஏழு நின்றன. எட்டாவதாக ஒன்று வெளியே பறந்து, காற்றில் ஒரு ஈயைப் பிடித்து, அதே கிளைக்குத் திரும்பியது. அது புள்ளி ஈப்பிடிப்பான்.

ஒன்பது ஒன்பதரை வரைக்கும் இந்தக் கூத்து. அதற்கு மேல் வெயில் ஏறினால் உள்ளே போய்விடும். அப்போது எழுந்து நடக்கத் தொடங்கலாம்.

யார் யார்

எல்லாவற்றையும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டாம். வாலைப் பாருங்கள், இந்தப் பருவத்தில் பாதிப் பறவைகள் வாலாலேயே பெயர் சொல்லும்.

துருச் சிவப்பு வால், எப்போதும் நடுங்கிக்கொண்டே இருந்தால் ரெட்ஸ்டார்ட். வேலி விளிம்பிலிருந்து தரைக்கு இறங்கி மறுபடி ஏறும். நீண்ட வால், மாட்டுக் கால்களுக்கு நடுவில் ஓட்டம் என்றால் மஞ்சள் வாலாட்டி. மாடு நடக்க நடக்கப் புல்லிலிருந்து பூச்சி எழும், அதைப் பிடிக்க அது மாட்டின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் ஓடும். மாட்டுக்கும் அதற்கும் ஏதோ ஒப்பந்தம் மாதிரி இருக்கும். நம் ஊர் வயல்களில் குளிர்காலத்தில் பார்க்கும் மஞ்சள் வாலாட்டிகளின் உறவுதான். ஆனால் இவை மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. நம்மிடம் வருபவை ஆசியாவின் வடக்கிலிருந்து. பிரிட்டனில் இவை பெரிதும் குறைந்துவிட்டன, அதனால் மாட்டு மந்தை கண்ணில் பட்டால் விடாமல் பாருங்கள்.

செடியின் உச்சி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணுக்கு மேல் அழுத்தமான வெளிர்க் கோடு இருந்தால் வின்சாட். கோடு இல்லாமல், ஜோடியாக, "சக் சக்" என்று இரண்டு கல்லைத் தட்டுகிற சத்தம் போட்டால் அது ஸ்டோன்சாட், உள்ளூர்வாசி.

வில்லோ கதிர்க்குருவியா, சிஃப்சாஃபா என்ற கேள்வியில் எல்லோரும் சிக்குவார்கள். கால் வெளிர் நிறம் என்றால் பெரும்பாலும் வில்லோ, கறுப்புக் கால் என்றால் சிஃப்சாஃப். சிஃப்சாஃப் வாலை ஓயாமல் கீழ்நோக்கி ஆட்டும். வில்லோ இரண்டு அசையாக "ஹூ-ஈட்" என்று கூப்பிடும், சிஃப்சாஃப் ஒரே அசையில். இத்தனைக்கும் பிடிபடவில்லையா, "இரண்டில் ஒன்று" என்று எழுதிவிட்டுப் போங்கள். இருபது வருஷம் பார்த்தவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

வீட்டியருக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். புதரே இல்லாத குட்டைப் புல்லில், முயல் வளை ஓரத்தில், எறும்புப் புற்றின் மேல் நிமிர்ந்து நிற்கும். எழுந்து பறந்தால் பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. வாலில் தலைகீழான கறுப்பு ஆங்கில 'T' போல ஒரு அடையாளம். கோதுமைக்கும் காதுக்கும் இந்தப் பெயரில் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் "வெள்ளைப் பிட்டம்" என்று பொருள்படும் சொல் மருவி வந்தது.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இந்தக் குன்றுகளின் ஆட்டிடையர்களுக்கு ஆகஸ்ட் மாதம் உபரி வருமானம் இந்தப் பறவைதான். புல் தரையை ஒரு பாளமாகச் சீவி எடுத்து, கீழே ஒரு குழி வெட்டி, பாளத்தைக் கவிழ்த்து மூடி, உள்ளே குதிரை மயிர்ச் சுருக்கு வைப்பார்கள். மேகத்தின் நிழல் தரையில் ஓடினாலே வீட்டியர் மிரண்டு பக்கத்துப் பொந்தில் நுழையும் என்பது அவர்களுக்குத் தெரியும். சிக்கியவை பிரைட்டன், டன்பிரிட்ஜ் பணக்காரர் மேஜைக்குப் போயின. வழிப்போக்கர் ஒருவர் பொறியிலிருந்து பறவையை எடுத்துக்கொண்டு, காசை அதே குழியில் வைத்துவிட்டுப் போவதும் உண்டாம். இந்த வியாபாரத்தைப் பற்றி, பக்கத்து ஹாம்ப்ஷயரின் செல்போர்னில் இருந்த பாதிரியார் கில்பர்ட் வைட் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். இன்றைக்கு அந்தப் பறவைக்குச் சட்டப் பாதுகாப்பு. மேகம் சூரியனை மறைக்கும் கணத்தில் புல்லைப் பாருங்கள், அப்போது அது என்ன செய்கிறது என்று கவனிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

செப்டம்பர் பின்பாதியில் வருபவற்றில் சில பெருத்து, நெஞ்சில் காவி அதிகமாக இருக்கும். அவை கிரீன்லாந்துப் பக்கத்திலிருந்து வந்தவை. அவையும் ஆப்பிரிக்காவுக்குத்தான் போகின்றன.

பத்து மணிக்கு மேல் தலைக்கு மேலே

இப்போது கடலைப் பார்க்கலாம். பாறை விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, மேட்டில் நின்று, தகைவிலான்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்தைப் பத்தாகக் கண்ணில் பழக்கிக்கொண்டு, ஒரு கம்பத்தைக் குறியாக வைத்து, அதைத் தாண்டுபவற்றை ஐந்து நிமிஷம் எண்ணிப் பன்னிரண்டால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு கிடைக்கும். வாலுக்குச் சற்று மேலே பிட்டம் வெள்ளை என்றால் வீட்டுத் தகைவிலான், நீண்ட இரட்டை வால் என்றால் சாதாரணத் தகைவிலான்.

கில்பர்ட் வைட் காலத்தில், இவை குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சில இங்கேயே எங்கோ ஒளிந்து தூங்குகின்றனவோ என்று அவரே கடைசிவரை சந்தேகப்பட்டார். விடை கிடைத்தது ஒரு அலுமினிய வளையத்தால். 1911 மே மாதம் ஸ்டாஃபோர்ட்ஷயரில் காலில் வளையம் மாட்டி விடப்பட்ட தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிடிபட்டது. அதனால், வளையம் போட்ட இறந்த பறவை எதையாவது பார்த்தால் எண்ணைக் குறித்து பி.டி.ஓ. என்ற பிரிட்டிஷ் பறவையியல் அமைப்புக்குத் தெரிவியுங்கள்.

கூட்டம் திடீரென்று ஒரே பந்தாகச் சுருண்டால் மேலே பாருங்கள். ஹாபி என்ற சின்ன வல்லூறு வந்திருக்கும். தகைவிலான்களின் பின்னாலேயே அதுவும் ஆப்பிரிக்கா போகிறது, வழிச் சாப்பாட்டைக் கூடவே அழைத்துக்கொண்டு. பெரிய பறவை, நீண்ட சிறகு, வெள்ளை வயிறு என்றால் விராலடிப்பானாக இருக்கலாம். செப்டம்பரில் ஒன்றிரண்டு கட்டாயம் தாண்டும்.

வெயில் கொளுத்தும் நாளில் ஒரு குறுக்குவழி: சுண்ணத்தில் தண்ணீர் நிற்காது, அதனால் ஆடுகளுக்காகக் களிமண் பூசி அமைத்த வட்டக் குட்டைகள் குன்றுமேல் அங்கங்கே உண்டு. நடுப்பகலில் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒரே தண்ணீர் அதுதான். ஓரத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் எல்லோரும் குளிக்க வருவார்கள்.

கழிமுகம்

மதியம் திரும்பும் வழியில் எக்ஸீட்டில் இறங்கி, கக்மியர் ஆறு கடலில் சேரும் கக்மியர் ஹேவனுக்கு நடக்கலாம். ஆற்றை 1846 வாக்கில் நேராக வெட்டிவிட்டார்கள். பழைய வளைவுகள் இன்னும் நீரோடு கிடக்கின்றன. கடல்வரை சமதளப் பாதை, தள்ளுவண்டிக்குழந்தையோடும் போகலாம். ஓதம் இறங்கிச் சேறு தெரியும் நேரம் பாருங்கள். பச்சைக்காலி, உப்புக்கொத்தி, வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் உள்ளான், சின்னக் கொக்கு. கோடியக்கரையில் நின்றவர்களுக்கு பாதிப் பேர் தெரிந்த முகமாக இருப்பார்கள். கடலில் ஆலாக்கள் போகும். ஆனால் உண்மையைச் சொன்னால், இந்தக் கரையில் கடற்பறவை பார்க்க வசந்தம்தான் நல்லது.

பாதுகாப்பு, மூன்றே வரி

பாறை விளிம்பு கீழே அரிக்கப்பட்டு, மேலே புல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்து மீட்டருக்குள் போகவே போகாதீர்கள், அடியிலும் உட்காராதீர்கள். எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்றால், பெல் டூ கலங்கரை விளக்கத்தை 1999இல் அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். பர்லிங் கேப் கடற்கரையில் இறங்கினால் ஓத நேரம் பார்த்து இறங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் அதனால் வரும்.

எழுதி வையுங்கள்

தேதி, நேரம், இடம், காற்றின் திசை, என்ன, எத்தனை. பூஜ்யத்தையும் எழுதுங்கள். ஈபேர்ட் என்ற இணையப் பதிவேட்டிலோ பி.டி.ஓ.வின் பேர்ட்டிராக்கிலோ போட்டால் மற்றவர்களுக்கும் பயன்படும். 1962இல் தொடங்கிய சசெக்ஸ் பறவையியல் சங்கம் அன்றன்றைக்குப் பார்த்தவற்றைத் தொகுத்துக் காட்டும். மறுநாள் எங்கே போவது என்று முடிவு செய்ய அதுவும் காற்றுத் திசையும் போதும். ஆனால் அரிய பறவை ஒன்று இருக்கிறது என்று படித்து நாற்பது பேர் நிற்கும் புதருக்கு ஓடுவதை விட, உங்கள் புதருக்கே திரும்பத் திரும்பப் போவதில் எனக்கு நம்பிக்கை அதிகம். நான்காவது தடவையில் அந்தப் புதரின் எந்தக் கிளையில் வெயில் எப்போது விழும் என்பது உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும்.

செப்டம்பர் கடைசியில் எல்டர் பழம் தீர்ந்து, ஹாத்தார்ன் சிவக்கும்போது, நெஞ்சில் வெள்ளைப் பிறை போட்ட 'ரிங் ஊசல்' என்ற பறவைகள் வரத் தொடங்கும். அதற்குக் கையுறை வேண்டும், ஸ்வெட்டர் இரண்டு வேண்டும்.